கொசுவலையில் சலித்த மாவு

என் மகளின் அத்தாவுக்கு, ஸலாம்.

ரங்கூனில் குண்டு விழுந்ததால் கல்கத்தா வந்துவிட்டதாகவும், அடுத்து வீடுதான் என்றும் எழுதியிருக்கிறீர்கள். தனியாகத்தான் வருவதாக இரண்டு முறை எழுதியிருக்கிறீர்கள். நான் கேட்கவே இல்லையே.

இந்த ஏழு வருஷத்தில் உங்கள் சாமான் எதையும் நான் வீணாக்கவில்லை. சாய்வு நாற்காலித் துணி ஜெயினம்புவுக்குப் பள்ளிக்கூடப் பையாகிவிட்டது. அதன் கட்டைகள் தண்ணீர்ப் பானைக்கு முக்காலியாகிவிட்டன. உங்கள் கொசுவலையை மடித்து, உடைந்த சல்லடை வளையத்தில் கட்டி, இடியாப்ப மாவு சலிக்கிறேன். காஜிமார் தெருவில் பாதி வீட்டுக்கு என் இடியாப்பம்தான்.

"அத்தா வந்தா எதுலம்மா உக்காருவாக?" என்கிறாள் ஜெயினம்பு.

உட்கார நேரம் ஏது? வாருங்கள். பழசைத் தூக்கி எறிகிற பழக்கம் எனக்கு இல்லை. மாவு பிழியப் பலமான கை ஒன்று வேண்டியிருக்கிறது.

இப்படிக்கு,
உங்கள் மகளின் தாய்