மேசை எட்டவில்லை

என் கண்ணுக்கு,

அப்பா பெரியப்பாவுக்குத்தான் ஓட்டுப் போட்டார் என்று உன் காதுக்கும் வந்திருக்கும். வராமல் இருக்குமா?

வாக்குச்சாவடி வாசலில் நீ அலைந்து திரிந்து கட்டவைத்த சாய்தளத்தில் அவருடைய சக்கர நாற்காலி அலுங்காமல் ஏறியது. தள்ளிக்கொண்டு போனது, ஊராட்சித் தேர்தலில் உன்னை எதிர்த்து நின்ற பெரியப்பாவேதான். நாங்கள் இருப்பதும் அவர் வீட்டில்தானே.

உள்ளே, மறைப்பு வைத்த மேசை அப்பாவுக்கு எட்டவில்லை. அதிகாரி அவர் மடியில் ஓர் அட்டையையும் அதன்மேல் வாக்குச்சீட்டையும் வைத்து, "இங்கயே முத்திரை குத்துங்க சார்" என்றார். பெரியப்பா பின்னாலிருந்து நகரவே இல்லை. அப்பா வெகுநேரம் முத்திரையைக் கையில் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார்.

வீட்டுக்கு வந்து சாப்பிடவில்லை. என்னிடம் மெதுவாகச் சொன்னார்: "சாய்தளம் நல்லா இருக்குன்னு அவளுக்கு எழுது. அடுத்த தடவ மேசையையும் கேக்கச் சொல்லு."

அம்மா