கேற்றுக்கு வெளியே இருந்த அம்மாவுக்கு

என்னைச் சுமந்து சுமந்தே இடுப்புத் தேய்ந்த என் அம்மாவுக்கு,

நீ போய் முப்பத்தோராம் நாள் சடங்கும் முடிந்துவிட்டது. எனக்கு இன்னும் அழுகை வரவில்லை. கோபம்தான் வருகிறது.

செத்தவீட்டுக்கு அந்தப் பள்ளிக்கூட அதிபர் வந்தார். முன்னுக்குக் கதிரை போட்டுக் கொடுத்தார்கள். எழுந்து, "நடக்க முடியாத பிள்ளைக்கு எமது பாடசாலை கதவைத் திறந்துவிட்டது" என்று பேசினார்.

திறந்தாரா அம்மா?

எனக்கு அப்போது ஆறு வயது. அப்போதும் சண்டைக் காலம்தான். இளம்பிள்ளை வாதத்தில் சூம்பிய காலோடு என்னை இடுப்பில் வைத்துக்கொண்டு அவருடைய மேசைக்கு முன்னால் நின்றாய். அவர் என்னைப் பார்க்கவேயில்லை. "செல் அடிச்சா எல்லாப் பிள்ளைகளும் பங்கருக்குள்ள ஓடும். இவளை ஆர் தூக்கிக்கொண்டு ஓடுற?"

"நான் தூக்குவன் சேர். ஒவ்வொரு நாளும் கேற்றுக்கு வெளியில இரிப்பன். கும்பிட்டுக் கேக்கன்" என்றாய்.

அந்த வாக்கை வாங்கிக்கொண்டுதான் சேர்த்தார். எனக்கு ஊன்றுகோல் கிடைக்கும்வரை ஐந்து வருடம் இருந்தாய். வெயிலிலும் மாரி மழையிலும் பள்ளி வாசல் மதிலோரமாக, இறால் கூடையை ஈரச் சாக்கால் மூடிக்கொண்டு. காலையில் விற்க வேண்டியதைப் பள்ளி விட்ட பிறகு தேற்றாத்தீவுப் பக்கம் கொண்டு திரிந்தாய். தலை கறுத்த இறாலை யார் வாங்குவார்கள்? பல நாள் அது நமக்கே கறியானது.

நான் மூன்றாம் வகுப்பில் இருந்தபோது வாவிக்கரையில் செல் விழுந்து வெடித்தது. நொடியில் வகுப்பு காலியானது. நான் வாங்கில் பலகையைப் பிடித்தபடி தனியே இருந்தேன். வெளியே ஓடியவர்களுக்கு எதிராக நீ ஒருத்திதான் உள்ளே ஓடிவந்தாய். என்னைத் தோளில் போட்டுக்கொண்டு பங்கர் குழிக்குள் குதித்தபோது உன் முழங்கால் பிளந்தது. அங்கே நமக்கு முன்பே போயிருந்த அதிபர், "நான் அண்டைக்கே சொன்னனே" என்றார். நீ பதில் சொல்லவில்லை. ஏன் அம்மா?

நான் சொன்னேன். செத்தவீட்டில், ஊன்றுகோலை ஊன்றி எழுந்து, எல்லாருக்கும் கேட்கச் சொன்னேன். "நீங்க திறக்கல்ல சேர். என்ட அம்மா அஞ்சு வருசம் வெளியில கிடந்து திறந்தவ."

"செத்தவீட்டுல என்ன புள்ள இது, இரி" என்று மாமா கையைப் பிடித்து இழுத்தார். நான் இருக்கவில்லை. அதிபர் தேத்தண்ணி குடிக்காமலே எழுந்து போனார்.

இன்னொரு செய்தி. நம் வளவுக்குப் பக்கத்து அகதி முகாமில் பாக்கியம் அக்கா என்று ஒருவர். படுவான்கரையிலிருந்து இடம்பெயர்ந்து வந்து கூலிக்கு வயல் வேலை செய்கிறவர். அவருடைய மகள் சுதாவுக்குக் காது கேளாது. பள்ளியில் சேர்க்கப் போனபோது, "செல் சத்தம் இவளுக்குக் கேக்காதே, பொறுப்பெடுக்க ஏலாது" என்று அதே அதிபர் திருப்பி அனுப்பியிருக்கிறார். "உன்ட அம்மா மாதிரி நானும் கேற்றடியில இரிக்கட்டா புள்ள?" என்று அக்கா என்னிடம் கேட்டார்.

பிள்ளை படிக்கத் தாய் பிழைப்பை விட்டுக் காவல் இருக்க வேண்டுமென்றால் அது என்ன பள்ளிக்கூடம்? பக்கத்துப் பிள்ளை கையைப் பிடித்து இழுத்தால் சுதா ஓடிவிடுவாள். பெரிய வகுப்புப் பிள்ளைகள் இரண்டு பேர் என்னையும் தூக்கியிருப்பார்கள். படித்த மனிதருக்கு இது தோன்றவில்லையா, தோன்ற வேண்டிய தேவை இல்லையா?

"நீங்க வயலுக்குப் போங்கக்கா. நான் கேக்கன்" என்றேன்.

இன்று காலை போனேன். சுதாவின் கையைப் பிடித்துக்கொள்ள ஒத்துக்கொண்ட இரண்டு பிள்ளைகளும் அவர்களுடைய தாய்மாரும் கூட வந்தார்கள். "சேர்க்க ஏலாதெண்டா அதை எழுதிக் கையெழுத்து வைச்சுத் தாங்க சேர். மேல கல்விக் கந்தோருக்குக் கொண்டு போறன்" என்றேன்.

அவர் எங்களை மாறி மாறிப் பார்த்தார். பிறகு இடாப்புப் புத்தகத்தை இழுத்து சுதாவின் பெயரை எழுதினார்.

அவ்வளவுதான் அம்மா. ஒரு பேனாவை எடுக்கிற வேலை. இதற்காகவா உன்னை ஐந்து வருடம் மண்ணில் இருத்தினார்கள்? திரும்பி வரும் வழியெல்லாம் எனக்குச் சந்தோசம் வரவில்லை, பல்லைக் கடித்துக்கொண்டே வந்தேன்.

முகாமில் பள்ளிக்குப் போகாத பிள்ளைகள் இன்னும் இருக்கிறார்கள். ஒவ்வொரு கொட்டில் வீடாகப் போவேன். என் கண்முன்னே இனி எந்தத் தாயையும் கும்பிட விடமாட்டேன். இது உனக்கு நான் செய்யும் சத்தியம்.

கோபம் தணியாத உன் மகள்,
இரஞ்சி