சாரோ அப்புவின் கிணற்றுச் சிப்பி

நான் ஒருநாளும் கண்டிராத, ஆனால் கையெழுத்தைத் தூரத்தில் கண்டாலே அடையாளம் சொல்லக்கூடிய என் சாரோ அப்புவுக்கு,

இறந்தோரை நினைக்கும் இந்தக் கார்த்திகை மாதத்துக்கு எங்கள் கோயில் மலரில் ஆளாளுக்குத் தங்கள் தாய்க்கும் தகப்பனுக்கும் கடிதம் எழுதுகிறார்கள். நான் உங்களுக்கு எழுதுகிறேன். எழுதியதைக் கம்ப்யூட்டரில் அடிக்க உட்கார்ந்த என் பேத்தி முதல் வரியிலேயே நின்றுவிட்டாள்.

"அம்மம்மா, ஆர் இந்த அப்பு? எங்கட சொந்தமோ?"

"ஓம்."

"இத்தாலியன் பேரெல்லோ கிடக்கு?"

"சாரோ எண்டால் ரொசாரியோ. ரொசாரியோ எண்டால் செபமாலை. உன்ர பூட்டன்ர பேர் என்ன?"

"செபமாலை."

"பிறகென்ன விசாரணை? அடி."

அப்பு, நான் ஐந்தாம் வகுப்பு வரைதான் படித்தேன். நீங்கள் அதுவும் இல்லையாம், எழுத்தைக்கூடப் பாதிரியாரிடம் கெஞ்சித்தான் பழகினீர்களாம். இதை எனக்குச் சொன்னவர் உங்கள் மகனின் மகள், சிஞ்ஞோரா நீனா. எண்பத்தொன்பது வயதில் சுகமாக இருக்கிறார். கோப்பியில் சீனி கூடாது என்று டொக்டர் சொன்னதை மட்டும் கேட்கிறாரில்லை.

லீரா போய் யூரோ வந்த வருஷம் நான் உங்கள் வீட்டுக்கு வேலைக்கு வந்தேன். பலேர்மோ நகரத்துக் கால்சாவில் மகளோடு இருந்துகொண்டு காலை ரயிலில் உங்கள் ஊரான பகேரியாவுக்குப் போவேன், பின்னேர ரயிலில் திரும்புவேன். சிஞ்ஞோராவைக் குளிப்பாட்டிச் சமைத்துக் கொடுப்பது தினமும். வெள்ளிக்கிழமைகளில் உங்கள் அறையில் தூசி தட்டுவது.

எலுமிச்சைப் பெட்டிப் பலகையில் நீங்களே அடித்த மூன்று அலுமாரி. இழுப்பறைக்குள் இழுப்பறை. ஒவ்வொரு குழியிலும் ஒரு சிப்பி அல்லது சங்கு, அதன் கீழே ஒரு துண்டுப் பேப்பர். அது எலுமிச்சை சுற்றும் மெல்லிய தாள், அதில் எறும்பு ஊர்ந்ததுபோல உங்கள் எழுத்து. எத்தனை வேலையில்லாத மனுஷன் இவர் என்று நான் நினைத்ததுண்டு. இருபது எலுமிச்சை மரம் வைத்து வேளாண்மை செய்யும் கமக்காரனுக்கு ஒரு நாளில் எத்தனை வேலை இருந்திருக்கும் என்று அப்போது எனக்குத் தெரியாது.

நான் மன்னிப்புக் கேட்டுப் பழகியவள் அல்ல, கொடுத்தும் பழகியவள் அல்ல. என் கலியாண வீட்டில் சோறு குழைந்துவிட்டது என்று சொன்ன பெண்ணின் பெயரும், அவள் உடுத்திருந்த சேலையின் கரையும் எனக்கு இன்றைக்கும் தெரியும். ஆனாலும் உங்களிடம் கேட்கத்தான் வேண்டும்.

மன்னாரில் எங்கள் ஊர் வழக்கம் உங்களுக்குத் தெரியாது. நத்தாருக்கு முன் வீட்டிலுள்ள கடைசிச் சட்டி வரை வெளியே வந்து, கழுவப்பட்டு, வெயில் கண்டுதான் உள்ளே போகவேண்டும். கழுவாத வீட்டில் பாலன் பிறக்கமாட்டார் என்பாள் என் தாய். அந்த முதல் நத்தாருக்கு உங்கள் வீட்டில் எல்லாம் கழுவி முடித்தேன். உங்கள் அறைதான் மிச்சம்.

அன்றைக்கு நல்ல வெயில். சிப்பிகளையெல்லாம் அள்ளிப் பேசினுக்குள் போட்டேன். சவர்க்காரம், பழைய பல் தூரிகை. தேய்த்தெடுத்து மொட்டை மாடியில் சீலை விரித்துக் காயவைத்தேன். எங்கள் கரையில் செய்வதுபோலத்தான், பெரிது பெரிதோடு, சின்னது சின்னதோடு. பேப்பர்களை எறியவில்லை. காற்றுக்குப் பறக்காமல் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி பிஸ்கட் தகரத்துக்குள் வைத்து மூடினேன். அதிலும் எனக்கு ஒரு பெருமை.

சிஞ்ஞோரா பொல்லை ஊன்றிக்கொண்டு மேலே வந்தார்.

"ஞானா, பேப்பர் எங்கை?"

"பத்திரமா இருக்கு, சிஞ்ஞோரா."

"எது எதின்ர பேப்பர்?"

நான் பிஸ்கட் தகரத்தைத் திறந்து காட்டினேன். அவர் பக்கத்தில் கிடந்த எலுமிச்சைப் பெட்டியில் உட்கார்ந்துவிட்டார். ஏசியிருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும். ஏசவில்லை.

ஏசுவதற்கு வேறு ஆள் வந்தது. சிஞ்ஞோராவின் தங்கச்சி மகள் கார்மேலா. வீட்டில் பாதி அவளுக்கு. நத்தாருக்குப் பன்னிரண்டு நாளில் வரும் மூன்று ராசாக்கள் திருநாள் கழிந்ததும் நூதனசாலையிலிருந்து ஒரு பெண் வந்து பார்ப்பாள், பிடித்திருந்தால் எல்லாவற்றையும் எடுத்துப்போய்க் கண்ணாடிக்குள் வைப்பார்கள் என்று பேச்சு இருந்தது. எங்கே எடுத்தது என்ற பேப்பர் இல்லாவிட்டால் அவர்களுக்கு அது வெறும் சிப்பி.

"நல்லதாப் போச்சு," என்றாள் கார்மேலா. "அவ வந்து வேண்டாமெண்டு சொன்ன கையோட எல்லாத்தையும் சாக்கிலை கட்டி எறிவம். இந்த அறையிலை வடிவா ஒரு குளிக்கிற அறை கட்டலாம்." பிறகு என்னைப் பார்க்காமல் என்னைச் சொன்னாள். "வாசிக்கத் தெரியாத ஆளைத் தேடிப் பிடிச்செல்லோ வைச்சிருக்கிறியள், பெரியம்மா."

அவள் அன்று போட்டிருந்தது பச்சைச் சப்பாத்து. இடது குதியில் ஒரு கீறல்.

அவள் போனபிறகு நான் சொன்னேன்: "உங்கட எழுத்து எனக்கு வாசிக்கத் தெரியாதுதான், சிஞ்ஞோரா. ஆனா எனக்கு மறக்கவும் தெரியாது. வாங்கோ, இருங்கோ."

முதலில் எடுத்தது சங்கை. இரண்டாம் அலுமாரி, மேல் இழுப்பறை, வலது மூலை. அதன் பேப்பரில் தேத்தண்ணீர் நிறத்தில் நீட்டு வாக்கில் ஒரு கறை. சிஞ்ஞோரா கண்ணாடியைப் போட்டு வாசித்தார்: சிலோன் சங்கு, துறைமுகத்தில் ஒரு மாலுமி தந்தது, ஒரு கூடை எலுமிச்சைக்கு. என் ஊர்க் கடலில் கிடந்த சங்கு எனக்கு முன்னமே உங்கள் வீட்டுக்கு வந்து குந்தியிருக்கிறது.

அப்படியே மூன்று கிழமை. எந்தப் பேப்பரின் ஓரம் எலி கடித்தது, எதில் மை ஊறியது, எதில் சிப்பியின் விளிம்பு வளையமாகப் பதிந்து கிடந்தது என்று பார்த்துப் பார்த்து வைத்தேன். நான் வைக்க அவர் வாசிப்பார். உங்களை நான் அறிந்தது அப்படித்தான் அப்பு. எலுமிச்சை வண்டியோடு பலேர்மோ துறைமுகத்துக்குப் போய், மற்றவர்கள் வைன் குடிக்கும் நேரத்தில் நீங்கள் கப்பல் கப்பலாக ஏறி இறங்கிச் சிப்பி கேட்டதும், சந்தையில் உங்களைச் 'சிப்பிப் பைத்தியம்' என்று கூப்பிட்டதும்.

ஒரு பேப்பரில் எழுதியிருந்தீர்கள்: மனைவியின் சூப்புச் சட்டியில் அவித்துச் சதை எடுத்தேன், அவளுக்குத் தெரியாது. அதற்கு நாலு பேப்பர் தள்ளி: அவளுக்குத் தெரிந்துவிட்டது. சிஞ்ஞோரா சிரித்த சிரிப்பில் பொய்ப்பல் கழன்று மடியில் விழுந்தது.

ஒரு சின்னச் சோகி, சோழி என்றும் சொல்வார்கள். அதில் எங்கே எடுத்தது என்றுகூட இல்லை. 'குட்டி நீனாவைப் புதைத்த அன்று காலடியில் கிடந்தது. நான் தேடவில்லை.' சிஞ்ஞோராவுக்கு உங்களுடைய அந்தப் பிள்ளையின் பெயரைத்தான் வைத்தார்களாம். அந்தப் பேப்பரை அவர் இரண்டாம் தரம் வாசிக்கவில்லை. நானும் கேட்கவில்லை.

பிறகு கிணறு. மரங்களுக்குத் தண்ணீர் வேண்டுமென்று கிணறு வெட்டினீர்கள். களிமண்ணுக்குள் கையளவு பெரிய மட்டிச் சிப்பிகள் வந்தன. இந்தக் கடலில் அப்படி ஒன்றை எந்த மீன்காரனும் கண்டதில்லை. துறைமுகத்துக்குக் கொண்டுபோய்க் காட்டியபோது வடக்கே இருந்து வந்த ஒரு மாலுமி, "இதை நாங்கள் ஊரில் தின்கிறோம்" என்றானாம். அடுத்த பயணத்தில் தன் ஊர்ச் சிப்பி ஒன்றையும் கொண்டுவந்து தந்தான். இரண்டையும் பக்கத்தில் வைத்து எழுதினீர்கள்: 'என் தோட்டம் ஒரு காலம் கடல். அதுவும் குளிர்ந்த கடல்.'

மண்வெட்டியோடு நின்ற மனுஷன் இதை யோசித்திருக்கிறார்.

சிப்பிகளைப் பற்றிப் புத்தகம் எழுதும் ஒரு துரை வந்த கதையையும் சிஞ்ஞோரா சொன்னார். பட்டணத்திலிருந்து கறுப்புக் கோட்டும் குதிரை வண்டியுமாக வந்தார். உங்கள் மேசையில் சாப்பிட்டார். கிணற்றுச் சிப்பிகளில் ஒன்றை மட்டும் விட்டு மிச்சத்தையெல்லாம் வாங்கிப்போனார். நீங்கள் சொன்னதையெல்லாம் தன் புத்தகத்தில் தான் கண்டதாகப் போட்டார். உங்களைப் பற்றி 'ஒரு தோட்டத்துக் கிணறு' என்று மட்டும். அந்தச் சிப்பியின் பேப்பரைத் திருப்பி நீங்கள் எழுதியிருக்கிறீர்கள்: 'கிணற்றைப் போட்டார். வெட்டினவனைப் போடவில்லை.'

"பிறகு என்ன செய்தவர்?" என்று கேட்டேன்.

"என்ன செய்யிறது? எலுமிச்சை பிடுங்கப் போயிட்டார். அவர் ஒண்டையும் மனசிலை வைக்கிற ஆளில்லையாம்."

"அவர் வைக்காட்டில் நான் வைக்கிறன்," என்றேன்.

பதினொரு பேப்பருக்கு என்னால் சத்தியம் பண்ண முடியவில்லை. அவற்றைத் தனிப் பெட்டியில் போட்டேன். தெரியாததைத் தெரியும் என்று வைத்தால் எனக்கும் அந்தத் துரைக்கும் என்ன வித்தியாசம்?

ஆனால் கடைசியில் மிஞ்சியவை கிணற்றிலிருந்தும் மாலுமியிடமிருந்தும் வந்த அந்த இரண்டு பெரிய சிப்பிகள். கிணற்றுச் சிப்பியில் சாம்பல் நிறக் களிமண் ஒட்டியிருக்கும், அதை வைத்துத்தான் நான் பிரித்தறிவேன். அந்தக் களிமண்ணை இந்தக் கைதான் பல் தூரிகை போட்டுத் தேய்த்துக் கழுவியது. இப்போது இரண்டும் இரட்டைப் பிள்ளைகள்போல இருந்தன. மாற்றி வைத்தால் நீங்கள் கண்டுபிடித்ததே பொய்யாகிவிடும்.

நூதனசாலைப் பெண் வந்துவிட்டாள். குட்டைத் தலைமயிர், சின்ன வயது. இழுப்பறைகளை மெல்ல இழுத்துப் பார்த்துக்கொண்டே வந்து, மேசையில் அந்த இரண்டுக்கும் முன்னால் நின்றாள். பேப்பரை வாசித்ததும் முகம் மாறிவிட்டது.

"இதுதான் முக்கியமானது. எது கிணத்துச் சிப்பி?"

சிஞ்ஞோரா என்னைப் பார்த்தார். கார்மேலா கதவடியில் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

அப்போதுதான் என் அப்பா நினைவுக்கு வந்தார், அப்பு, உங்கள் பெயர்க்காரர். சுண்ணாம்புச் சூளைக்கு நிலத்துக்குள் கிண்டிச் சிப்பி எடுத்தவர். கடல் சிப்பியைக் கலந்துவிட்டு ஆட்கள் ஏமாற்றுவார்கள் என்று ஒவ்வொரு கடகக் கூடையிலும் ஒன்றை எடுத்து நாக்கில் வைத்துப் பார்ப்பார். நிலத்தில் நெடுங்காலம் கிடந்த சிப்பி நாக்கில் ஒட்டும். கடல் சிப்பி வழுக்கும்.

எடுத்து நாக்கை வைத்தேன்.

"மடோன்னா! நக்கிறாவே!" என்றாள் கார்மேலா.

ஒன்று வழுக்கியது. மற்றது பிடித்துக்கொண்டது. "இது," என்றேன்.

நூதனசாலைப் பெண் கையை நீட்டினாள். வாங்கித் தன் நாக்கிலும் வைத்தாள். பிறகு என் பக்கம் திரும்பிச் சிரித்தாள் பாருங்கள், "சிஞ்ஞோரா, நாங்களும் இப்பிடித்தான் பாக்கிறனாங்கள். ஆக்களுக்கு முன்னாலை செய்யிறேல்லை, அவ்வளவுதான்."

அவள் எல்லாவற்றையும் எடுத்துப்போனாள். அந்தப் பதினொன்றையும் தனிப் பெட்டியோடு. இரண்டு வருஷம் கழித்துக் கூப்பிட்டார்கள். சிஞ்ஞோராவுக்கு நான் முத்துத் தோடு போட்டுவிட்டேன். கண்ணாடிக்குள் உங்கள் கிணற்றுச் சிப்பி. கீழே அட்டையில் உங்கள் முழுப் பெயர், பகேரியாக் கமக்காரன், தன் கிணற்றில் கண்டெடுத்தவர் என்று. கார்மேலா 'தோட்டச் சொந்தக்காரர்' என்று போடச் சொன்னாளாம், மதிப்பாக இருக்குமென்று. சிஞ்ஞோரா விடவில்லை. "அவர் கமக்காரன். அதையே போடுங்கோ."

சங்கின் அட்டையில் சிலோன் என்பதற்குக் கீழே இன்னொரு வரி இருந்தது. 'மன்னார்க் கடலாக இருக்கலாம், ஞானம்மா சொன்னபடி.' நான் பேச்சுவாக்கில் சொன்னது, போடச் சொல்லிக் கேட்கவேயில்லை, அந்த நூதனசாலைப் பெண்ணே போட்டாள். பார்த்தீர்களா அப்பு, ஒருவர் பெயரைப் போடுவது எவ்வளவு சுலபமான வேலை?

உங்கள் அறை வெறுமையாகத்தான் இருக்கிறது. குளிக்கிற அறை இன்னும் கட்டவில்லை. போன நத்தாருக்குக் கார்மேலா எனக்கென்று ஒரு பனெத்தோனே கேக் கொண்டுவந்தாள். வாங்கினேன், சாப்பிட்டேன், நல்ல ருசி. மன்னிக்கவில்லை. இப்போது அவளுக்கு நீலச் சப்பாத்து.

இறந்தோர் திருநாளுக்குச் சிஞ்ஞோராவைக் கூட்டிக்கொண்டு உங்கள் கல்லறைக்கு வருவேன். கல்லைக் கழுவமாட்டேன், பயப்படாதீர்கள். தூசி மட்டும் தட்டுவேன். உங்கள் களிமண்ணைக் கழுவிய என்னை நீங்கள் மன்னிக்கவேண்டும். நீங்கள்தான் மனசில் வைக்கிற ஆளில்லையே.

அதற்குப் பதிலாக ஒரு வாக்குத் தருகிறேன். அந்தக் கறுப்புக் கோட்டுத் துரையை நீங்கள் மறந்தே இருங்கள். எனக்கு மூச்சிருக்கும் வரை நான் அவரை மன்னிக்கமாட்டேன். அந்தப் பாரத்தை என்னிடம் தந்துவிட்டு நிம்மதியாகப் படுங்கள், அப்பு. இதில் எனக்கு நல்ல கைப்பழக்கம்.

இப்படிக்கு,
செபமாலையின் மகள்,
ஞானம்மா