வாசல் பனிக்கு வாங்கிய இயந்திரம்

அன்பு மகனுக்கு,

அரிசோனா வெயிலில் உட்கார்ந்து நீ அனுப்பிய, பனி தள்ளும் பேட்டரி இயந்திரம், தெருப்பனியை வழித்த நகராட்சி வண்டி நம் வாசலில் தள்ளிவிட்டுப் போன பனிக்கட்டி மேட்டில் முட்டி நின்றுவிட்டது. எரிச்சலோடு ரெய்னோவின் இயந்திரக் கடைக்குப் போய், சுருள் தகடு பனியை அரைக்க, ஒரு சக்கரம் அதைத் தூர வீசும் பெட்ரோல் இயந்திரம் கேட்டேன்.

"அது கனமாச்சேம்மா. பையனக் கேட்டுட்டு வாங்க" என்றார் அவர்.

"பனி அவன் வாசல்லயா விழுது?" என்றேன். வாங்கிவிட்டேன்.

நேற்று வீட்டை விலை பேச மார்லிஸ் என்ற தரகர் வந்தாள். நீ அனுப்பினாயாம். என்னிடம் ஒரு வார்த்தை சொன்னாயா? அவள் பேசி முடிப்பதற்குள் பனி கொட்டி, அவள் கார் புதைந்துவிட்டது.

"தனியா எப்படித்தான் இருக்கீங்களோ!" என்றாள்.

நான் இயந்திரத்தைக் கிளப்பி, தெருவரை வழி வெட்டி அவளை அனுப்பிவைத்தேன்.

அடுத்த முறை நீயே வா.

அம்மா