குறுக்கே போட்ட பட்டை

அண்ணா,

காலையில் அம்மா உன் டிரங்குப் பெட்டியைத் திறந்தாள். அந்துருண்டை வாசம் வாசல்வரை வந்தது. உன் மாற்று வெள்ளை அங்கியை உதறி வெயிலில் போட்டாள். பிடிக்கப் போன என் கையைத் தள்ளிவிட்டாள். பேசவில்லை. நீ போனதிலிருந்தே அப்படித்தான்.

கும்மிடிப்பூண்டிச் சபைக்கு நீ உதவிக் குருவாக வந்த முதல் ஞாயிறு நினைவிருக்கிறதா? கணுக்கால்வரை அங்கி, இடது தோளிலிருந்து வலது இடுப்புக்குக் குறுக்காகப் பச்சைப் பட்டை.

"அங்கி போட்ட மங்கி!" என்றேன்.

"மங்கிக்குத் தம்பி யாருடா?" என்றாய்.

நான் அடங்குகிற ஆளா? "பஸ் கண்டக்டரு பை மாட்டிக்கினா மாதிரி கீது. பரலோகத்துக்கு ஒரு டிக்கெட் குடு."

சிரித்து முடித்த பிறகு நீ சொன்னாய்: "உள்ள கிழிஞ்ச சட்டையா, சில்க் சட்டையான்னு யாரும் பாக்கக் கூடாதுன்னுதான்டா அங்கி. பட்டை நுகம் மாதிரி. குரு ஆனா ரெண்டு தோள்லயும் நேரா தொங்கும். நான் இப்ப பரிமாறுற ஆளு. வலது கைய அது தடுக்கக் கூடாது."

அந்தக் கையால்தான், புதுக் கம்பெனி மிஷினில் விரல் நசுங்கியவருக்குக் கஞ்சி ஊட்டினாய்.

உன் குருப்பட்டத்துக்கென்று அம்மா வெள்ளைப் பட்டில் பட்டை தைத்து முடித்த வாரம் உனக்கு மஞ்சள் காமாலை கண்டது. பட்டத்துக்கு முன்பே போய்விட்டாய். சவப்பெட்டியில் உனக்கு அங்கி போட்டதும், அம்மா அந்தப் பட்டையை இரண்டு தோளிலும் நேராகப் போட்டாள்.

பொன்னேரியிலிருந்து வந்திருந்த மூத்த போதகர் தயங்கினார். "அம்மா, பேராயர் தலைமேல கை வெச்சு பட்டம் குடுக்காம நேரா போடக் கூடாது."

"அடுத்த மாசம் வெச்சிருப்பாரே ஐயா! எம்புள்ளைய அரைகுறையா அனுப்பாதீங்க."

அவர் என் பக்கம் திரும்பினார். "தம்பி, நீ இன்னா சொல்ற?"

எல்லாரும் என் வாயையே பார்த்தார்கள். எதற்கும் ஒரு கிண்டல் வைத்திருக்கிற வாய். அன்று அதில் ஒன்றுமே இல்லை. "குறுக்கயே போடுங்க ஐயா," என்றேன். "அண்ணன் அரைகுறையா ஒண்ணும் செய்யல."

அம்மா தன் கையாலேயே பட்டையை மாற்றிப் போட்டாள். அதற்கப்புறம் என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை.

சொன்னது சரி என்றுதான் இன்றும் நினைக்கிறேன். அவள் முகத்தைப் பார்க்கும்போது மட்டும் அந்தச் சரி போதவில்லை.

இன்று சாயங்காலம் ஆரணிச் சந்தையில் ஒரு பாட்டி அம்மாவிடம் கேட்டாள்: "பெரியவன் கோயில்ல இன்னாவா இருந்தான்?"

"குருவா இருந்தான்," என்றாள் அம்மா. சொல்லிவிட்டு என்னைப் பார்த்தாள், அத்தனை நாளுக்கப்புறம். நான் மறுத்துவிடுவேனோ என்று பயந்த பார்வை, அண்ணா.

"ஆமா, பாட்டி," என்றேன். "குருதான்."

காய்கறிப் பையின் ஒரு காதை அம்மா என் பக்கம் நீட்டினாள். மற்றதை அவள் பிடித்துக்கொண்டாள். பஸ் ஸ்டாண்டுவரை இரண்டு பேரும் அப்படியே தூக்கிக்கொண்டு நடந்தோம்.