இறங்காத எண்

காலை 7.41

திரையில் ஆசீர் சித்தப்பாவின் காற்று எண் ஒரு கணம் ஏறியது. நாற்பதிலிருந்து ஐம்பத்திரண்டு. உடனே மறுபடி நாற்பது.

வெளியே இருப்பவரின் உடையில் காற்று ஏறாது. நூறிலிருந்து இறங்க மட்டுமே செய்யும். அதனால் எழுதி வைக்கிறேன்.

மற்றவை வழக்கம்போல. இது நிலாவின் தென் துருவத்தில் உள்ள பனி நிலையம். ஆட்கள் மூன்று பேர். சித்தப்பா தூரத்துக் குழியில் பனி வெட்டுகிறார். அவர் மனைவி சீலி சித்தி மேட்டில் சூரியத் தகடுகளைத் துடைக்கிறார். இருக்கும் ஒரே வண்டி அவரிடம். நான் பியூலா, சித்தியின் அக்கா மகள். ஒன்பதாம் வகுப்போடு படிப்பை நிறுத்திவிட்டேன். திரையைப் பார்த்துக்கொள்வது என் வேலை. வானொலியில் நான் பேசுவதில்லை, தட்டச்சு செய்து அனுப்புவேன். பூமி அடுத்த வாரம்தான் தெரியும். அதுவரை அங்கே யாரிடமும் கேட்க முடியாது.

7.55

எண் ஏறியதைச் சித்திக்கு எழுதி அனுப்பினேன். வந்த பதில்:

"அவரு தூங்குதாருட்டி. ரேடியோவ அணைச்சிட்டுக் கவுந்திருப்பாரு. நம்பர் எறங்குதுல்லா? அப்ப மூச்சு விடுதாருன்னுதான அர்த்தம். நீ ஒரு நாளாவது வாயத் தொறந்து பேசேன், கொழுக்கட்டையா வச்சிருக்க?"

நான் 'சரி' என்று எழுதினேன்.

திரையில் சித்தியின் வரியும் சித்தப்பாவின் வரியும் ஒரே எண்ணைக் காட்டுகின்றன. ஒருவர் தகடு துடைக்கிறார், ஒருவர் தூங்குகிறார். இரண்டும் சேர்ந்தே இறங்குகின்றன.

8.20

கணினியின் நிரலைத் திறந்து படித்தேன். திரையைப் பார்க்கவில்லை.

படிப்பவருக்குப் புரியும்படி எழுதுகிறேன். நிலையக் கணினி எதையும் மூன்று வகைப் பெட்டிகளில் ஒன்றில்தான் வைக்கும். முதல் வகை ஒரு கேள்விக்கானது. பதில் போனதும் அழிந்துவிடும். இரண்டாவது ஓர் ஆளுக்கானது. அவர் வெளியே போகும்போது உருவாகி, உள்ளே வரும்வரை இருக்கும். ஆனால் கால் மணி நேரம் அவரிடமிருந்து ஒன்றும் வராவிட்டால் கணினி அதைத் தூக்கிப் போட்டுவிடும். மூன்றாவது நிலையம் முழுமைக்கும் ஒன்றே ஒன்று. கணினி ஓடும்வரை அழியாது.

காற்றின் எண் இரண்டாவது வகைப் பெட்டியில்தான் இருந்தது. சித்தப்பாவுக்குக் குழியில் படுத்துத் தூங்கும் பழக்கம் உண்டு. ஆள் அசையாவிட்டால் உடை மின்சாரத்தை மிச்சப்படுத்த அரை மணிக்கு ஒருமுறைதான் எண்ணை அனுப்பும். அதற்குள் கணினி அவரை மறந்துவிடும். போன மாதம் அப்படித்தான் மறந்து, திரும்பி வந்தவருக்குக் கதவு திறக்கவில்லை. சித்தி சிரித்துக்கொண்டே சொன்னார்: "பொண்டாட்டி மறந்தாகூடச் சும்மா இருந்திருப்பாரு. மெசினு மறந்துட்டுன்னு ஒரு வாரமா கொதிக்காரு."

சித்தப்பா எண்ணை மூன்றாவது பெட்டிக்கு மாற்றிவிட்டார். அழியக் கூடாது என்பதை மட்டும் பார்த்தார். அந்தப் பெட்டி யாருடையது என்று பார்க்கவில்லை.

இப்போது இரண்டு உடைகளும் ஒரே பெட்டியில் எழுதுகின்றன. இரண்டு வரிகளும் அதையே படிக்கின்றன. சித்தியின் உடை விடாமல் எழுதுகிறது. சித்தப்பாவின் எண் அரை மணிக்கு ஒருமுறை வந்து, கண் இமைக்கும் முன் அழிகிறது.

அவர் பெயரில் இறங்கிக்கொண்டிருந்தது சித்தியின் மூச்சு.

8.34

எண்ணைப் பழையபடி ஆள் பெட்டிக்கு மாற்றினேன். மாற்றம் நடப்புக்கு வர, கணினியை அணைத்து மறுபடி போட வேண்டும். சித்தியிடம் கேட்டேன்.

"அணைச்சா எல்லாரையும் மறந்துருமே. கதவு என்னைய யாருன்னு கேக்காதா?"

உடை மறுபடி பேசியதும் புதுப் பெட்டி வந்துவிடும் என்று எழுதினேன்.

"அப்ப சரி, போடு. அது என் பேர மறந்தாலும் நீ எனக்குச் சோறு வைக்க மறந்துராத."

அணைத்துப் போட்டேன். சித்தியின் வரி உடனே வந்தது. முப்பத்தாறு. சித்தப்பாவின் வரி காலி.

8.41

சித்தப்பாவின் வரி வந்தது. ஐம்பத்திரண்டு.

சித்தியின் தலைக்கவசக் கண்ணாடியிலும் இரண்டு வரிகளும் தெரியும். அவரும் பார்த்துவிட்டார். "பாத்தியா, என்னைய விட நெறைய வச்சிருக்காரு. படுத்தே கெடந்தா எப்படிக் கொறயும்? நான் வண்டியில எறங்குதேன். சரிவுல பாதியில நிக்க முடியாது, வழுக்கிரும். கீழ வந்து அவர எழுப்புவோம்."

7.41க்கும் ஐம்பத்திரண்டுதான்.

8.56

கால் மணி ஆனது. கணினி சித்தப்பாவைத் தூக்கிப் போட்டது. வரி இல்லை.

"ஏட்டி, அவரு லைனக் காணோம்?"

'பழைய தொல்லைதான். தூங்கினால் அழிந்துவிடும். திரும்ப வரும்' என்று அனுப்பினேன். எழுதியதில் பொய் இல்லை.

9.11

வந்தது. ஐம்பத்திரண்டு.

உடை வேலை செய்கிறது. அனுப்புகிறது. காற்று இருக்கிறது. தூங்குகிறவருக்கும் காற்று குறையும்.

காற்றை அளக்கும் மானி கெட்டுப்போயிருக்கலாம் என்று எழுதிப் பார்க்கிறேன். எண்ணோடு உடல் சூடும் சேர்ந்து வருகிறது. இவ்வளவு நேரம் அதைத் திறந்து பார்க்கவில்லை. இப்போது பார்த்தேன். இங்கே எழுதவில்லை.

குழிவரை நடக்க ஓர் உடையின் காற்று போதாது. வண்டி சரிவில் இருக்கிறது.

கை குளிரவில்லை. பசிக்கிறது. ஏன் பசிக்கிறது என்று தெரியவில்லை.

9.12

"பியூலா. லைன் வந்துட்டு, ஆனா சக்கரம் ஆடுது, சரியாத் தெரியல. அதே அம்பத்திரண்டா? நீ பாத்துச் சொல்லு. எறங்குதா இல்லையா?"

அவர் சரிவின் நடுவில் இருக்கிறார். இரண்டு கையும் வண்டியைத் திருப்பும் பிடியில் இருக்க வேண்டும்.

"சொல்லுட்டி. இல்லன்னா வண்டிய நிறுத்தி நானே பாக்கேன்."

9.13

சித்தப்பாவின் பெட்டியைத் திறந்தேன். ஐம்பத்தொன்று என்று தட்டினேன்.

"ஆங். அம்பத்தொண்ணு. எறங்குது, எறங்குது. உசுரே போயிட்டு எனக்கு."

வானொலியில் வண்டியின் அதிர்வு கேட்கிறது. சித்தி கீழே வந்து சேர இன்னும் நேரம் இருக்கிறது.

9.19

ஐம்பது என்று தட்டினேன்.