எட்டாயிரம் அடி காட்டும் முள்

அன்புள்ள மகன் கர்ட்டிஸுக்கு, டூசானிலிருந்து அம்மா எழுதுவது. நான் வேளைக்குச் சாப்பிட்டு, ஃபேனுக்கு அடியில் தூங்கி, உயிரோடும் கொஞ்சம் திமிரோடும் இருக்கிறேன். அலாஸ்காவில் அந்த மீன் கப்பலில் நீ கை கால் விறைக்காமல் இருக்கிறாய் என்று உன் கையால் எழுதி வந்தால்தான் எனக்கு மனசு ஆறும்.

நீ ஃபோன் பண்ணும்போதெல்லாம் அப்பாவை எப்பம்மா மலைக்குக் கொண்டுபோகப் போறே என்று கேட்பாய், நான் அடுப்புல கருகுதுடா என்று வைத்துவிடுவேன். ஒன்றும் கருகவில்லைடா. அவருடைய சாம்பல் பெட்டி ஃபிரிட்ஜ் மேலேயே இருந்தது, காலையில் எழுந்ததும் அதற்குத்தான் முதல் பேச்சு, அதை எடுத்துக்கொண்டு போய்க் காற்றில் விட்டுவிட்டால் அப்புறம் யாரிடம் பேசுவது. ஆனால் அவர் கேட்டது என்னவோ அதுதான், ஆயுசு பூரா இந்தப் பாலைவனத்துல பழைய விமானத்தை அறுத்து அறுத்து வெந்துட்டேன் நடீன், எட்டாயிரம் அடி மேல போனா வெயில் கடிக்காது, என்னை அங்க விடு, ஒரு அடி குறைஞ்சாலும் ஒத்துக்க மாட்டேன் என்று ஆஸ்பத்திரியில் படுத்துக்கொண்டு கண்டிப்பாகச் சொன்னார். அதைப் பற்றித்தான் இந்தக் கடிதம். அதற்கு முன்னால் என் மீட்டர்களைப் பற்றிச் சொல்ல வேண்டும், நீ தலையில் அடித்துக்கொள்ளாதே.

அப்பாவின் ரம்பம் சுத்தியலை எல்லாம் விற்கலாம் என்று ஹெக்டர் பினியாவின் பழைய சாமான் கொட்டகைக்குப் போனேன். அறுத்த விமானங்களிலிருந்து கழற்றினது எல்லாம் அங்கேதான் வந்து சேரும். ஓட்டுகிறவர் முகத்துக்கு நேரே பலகையில் வட்ட வட்டமாக மீட்டர் இருக்குமே, அது ஒரு பெட்டி நிறைய. கறுப்பு முகமும் வெள்ளை முள்ளுமாக அவ்வளவு அழகுடா, விற்கப் போனவள் வாங்கிக்கொண்டு வந்தேன். முதலில் வாங்கினது கடிகாரம் என்று நினைத்தேன், அது பெட்ரோல் காட்டுகிறதாம். சமையலறையில் மாட்டியிருக்கிறேன், எப்போதும் காலி என்றே காட்டும். என் சிநேகிதி எட்னா வந்து பார்த்துவிட்டு, உன் ஃபிரிட்ஜுக்கு இதைவிடப் பொருத்தமா ஒண்ணு கிடைக்காதுடி என்கிறாள். இன்னொன்று இருட்டில் பச்சையாக மின்னும், கட்டில் பக்கத்தில் வைக்கலாம் என்று ஆசையாக எடுத்தேன், ஹெக்டர் கையிலிருந்து பிடுங்கிவிட்டார். அந்தப் பெயின்ட் விஷம் மேடம், கண்ணாடி விரிஞ்சிருக்கு பாருங்க, இதை வீட்டுக்குள்ளயே சேர்க்கக் கூடாது என்றார். கற்றுக்கொண்டேன்.

அப்புறம்தான் உயரம் காட்டுகிற மீட்டர். மேஜையில் வைத்தால் முள் பூஜ்யத்தில் நிற்கவில்லை, இரண்டாயிரத்து ஐந்நூறில் நின்றது. நான் பெரிய வியாபாரி மாதிரி, இது கெட்டுப்போனது, தரையில வெச்சாலே பறக்குதுன்னு பொய் சொல்லுது, விலையைக் குறைங்க என்றேன். கொட்டகையில் இருந்த அத்தனை பேரும் சிரித்தார்கள். ஹெக்டர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, மேடம், அது கடல்லேர்ந்து அளக்குது, நம்ம ஊரே அவ்வளவு உயரத்துலதான் இருக்கு, பொறந்ததுலேர்ந்து பறந்துக்கிட்டுதான் இருக்கீங்க என்றார். எனக்கு ஒரே குஷியாகிவிட்டது. இத்தனை வருஷம் துணி துவைத்தது, பாத்திரம் கழுவினது எல்லாம் அவ்வளவு உயரத்தில் என்று யார் சொன்னார்கள்.

அதை மடியில் வைத்துக்கொண்டு எட்னா கூட லெம்மன் மலைக்குக் கிளம்பினேன். பெட்டி பின் சீட்டில், பெல்ட் போட்டு. கார் ஏற ஏற முள்ளும் ஏறுகிறது கர்ட்டிஸ்! மூவாயிரம் என்று நான் கத்த, நாலாயிரம் வந்தா சொல்லுடி என்று அவள் கத்த, கள்ளிச்செடி போய்ப் புல் வந்து, புல் போய்ப் பைன் மரம் வந்துவிட்டது, நாங்கள் இரண்டு கிழவிகளும் திருவிழாவுக்குப் போகிற பிள்ளைகள் மாதிரி ஆகிவிட்டோம். ஆனால் ஆறாயிரத்து ஐந்நூறில் முள் நின்றது. நின்றது நின்றதுதான். உச்சியில் பழம் வைத்துச் சுடுகிற பை பலகாரம் விற்கிற கடை வந்துவிட்டது, அதற்கு மேல் காருக்கு ரோடும் இல்லை.

உனக்கு உள்ளதை எழுதுகிறேன், எனக்கு அப்பாடா என்று இருந்தது. அவர் சொன்ன உயரம் இங்க இல்லடி, ஒரு அடி குறைஞ்சாலும் ஒத்துக்க மாட்டாரே, வா, பையைத் தின்னுட்டு வீட்டுக்குப் போலாம் என்றேன். எட்னா விடவில்லை. குளிர்ல என் பல்லு தந்தியடிக்குது, இது ஆறாயிரமா, உன் மீட்டருக்குத்தான் புத்தி கெட்டுப்போச்சு என்று கடை ஃபோனில் ஹெக்டரைக் கூப்பிட்டுவிட்டாள். அவர் கேட்டது ஒன்றே ஒன்று, கண்ணாடியைத் தட்டினீங்களா மேடம் என்று. விமானத்தில் இஞ்சின் ஆட்டிக்கொண்டே இருக்குமாம், முள் ஒட்டாதாம், வெளியே எடுத்துவிட்டால் விரலால் தட்டிவிட்டுத்தான் படிக்க வேண்டுமாம், எங்களைப் போலப் புதிதாக வாங்குகிறவர்கள் எல்லாரும் இதில்தான் ஏமாறுவார்களாம். உடனே எட்னாவுக்குப் பெருமை, பாத்தியா, என் கார் அவ்வளவு வழவழன்னு ஓடுது என்று.

நான் விரலைக் கண்ணாடி மேல் வைத்துக்கொண்டு நின்றேன். தட்டாமலே இருந்தால் உன் அப்பா என்னோடு வீட்டுக்கு வந்துவிடுவார். வாங்கின பை பலகாரம் ஆறிப்போயிற்று. தட்டினேன். முள் துள்ளி எட்டாயிரத்தைத் தாண்டி நின்றது.

கடைக்குப் பின்னால் பைன் மரத்தடியில் பெட்டியைத் திறந்தேன். போயிட்டு வாங்க லைல், குளுகுளுன்னு இருங்க என்று அப்பாவிடம் சொன்னேன். காற்று திரும்பி அடித்து, பாதிச் சாம்பல் போய் எட்னா பார்லரில் சுருட்டிக்கொண்டு வந்த தலையில் உட்கார்ந்தது. அவள், உயிரோட இருந்தப்பவும் என் முடியைத்தான் கேலி பண்ணுவே, போய்ச் சேர்ந்தும் விட மாட்டியா என்று அவரைத் திட்டினாள். நாங்கள் சிரித்த சிரிப்பில் கடைக்காரர் வந்து எட்டிப் பார்த்தார். அப்புறம் அழுதோம், அதுவும் நன்றாகத்தான் இருந்தது.

ஒன்று சொல்ல மறந்தேன். இன்று காலையில் மேஜையில் இருக்கிற மீட்டரைத் தட்டிப் பார்த்தால் வீடு நேற்றைவிட ஐம்பது அடி உயர்ந்திருக்கிறது! பதறிப்போய் ஹெக்டரைக் கேட்டேன். வீடு எங்கயும் போகல மேடம், காத்து லேசாயிடுச்சு, மலை மேல இன்னிக்கு மழை பிடிக்கும் என்றார். வாசலில் நின்று பார்த்தேன், அந்தப் பக்கம் கறுத்துத்தான் இருக்கிறது. உன் அப்பாவுக்கு நனைய ரொம்பப் பிடிக்கும்.

கர்த்தர் உன் கப்பல் மேலும் உன் மேலும் கண்ணாகவே இருக்கட்டும், உன் வலை கிழியாமல் இருக்கட்டும். கம்பளி சாக்ஸ் இரண்டு ஜோடி தனியாக அனுப்பியிருக்கிறேன், ஒன்றின் மேல் ஒன்றாகப் போட்டுக்கொள். ஞாயிற்றுக்கிழமை மறக்காமல் ஃபோன் பண்ணு, இனிமேல் அடுப்பில் எதுவும் கருகாது.

உன் மேல் உயிராக இருக்கும் அம்மா,
நடீன் டாக்கெட்